புள்ளி ஐந்து ஏழு மூன்று ஒன்று

மாத முடிவில் ஜெர்மன் பென்ஷன்:
இருபத்திரண்டு யூரோ ஐம்பத்து மூன்று சதம்.
அதை உள்ளே எடுக்க
பீல் நகரத்து வங்கிக்கு ஐந்து பிராங்.

"வேண்டாமென்று எழுதிவிடலாமே"
என்றாள் கவுண்டரில் ஃபிராவ் எக்லி.
போனில் ஆப் போட்டுத் தந்தவள்,
நான் கடவுச்சொல் அடிக்கையில்
திரும்பி நின்றவள்.

எண்பத்தைந்து. வூப்பர்டால் ஆஸ்பத்திரி லோண்டரி.
பதினாலு மாதம்
எவரெவரின் இரத்தமோ போகும்வரை
விரிப்பு அலசினேன்.
கூட நின்ற பத்திநாதர்
போன மாசியில் டொரொண்டோவில் முடிந்தார்.
படம் ஒன்றும் இல்லை.

அந்தக் கந்தோர் மட்டும்
வருஷம் தவறாமல் மூன்று பக்கம் எழுதுகிறது,
தசமத்துக்குப் பின்
நாலு இலக்கம் பிசகாமல்.

"வரட்டும்" என்றேன்.

பஸ்ஸில் போன் சிணுங்கியது:
இருபத்திரண்டு, ஐம்பத்து மூன்று.
மறுபடி சிணுங்கியது.
ஐந்து.