நின்ற எஞ்சினின் அழுத்தம்

முதுநகர் ஐஸ் கம்பெனி. கரண்ட் போய் ஆறு மணி நேரம்.
நின்றுகிடக்கும் எஞ்சினுக்கு
ஏழு பார் ஆயில் அழுத்தம் என்கிறது திரை.
ஏற்கெனவே ஓடுகிறதாம். ஸ்டார்ட் எடுக்காதாம்.

"பொய் சொல்லுது சார்,"
கைலியில் டார்ச்சைத் துடைக்கிறார் தேசிங்கு.

சென்சார் போன மாசம் மாற்றியது.
அட்டவணை பழையது.

உப்புக்காற்றில் பச்சை பூத்த டெர்மினலைச் சுரண்டிவிட்டு
புள்ளி புள்ளியாக அடிக்கிறேன்:
பத்து ஓமுக்குப் பூஜ்யம்,
நூற்றெண்பதுக்குப் பத்து பார்.
வெப்பத்துக்கு வேறு வளைகோடு,
சூடு ஏற ஏற எதிர்ப்பு இறங்கும்,
மனுஷனுக்கு நேர்மாறு.

"ஒயர் அறுந்தா?"
"அறுந்துச்சுன்னே காட்டும்."

வெளியே
பாளம் பாளமாக உருகி
சாக்கடைக்குப் போகிறது
நாளைய வஞ்சிரத்துக்கான குளிர்.

திரையில் பூஜ்யம்.
அதைப் பார்த்த பிறகுதான்
சாவியில் கை வைத்தார் தேசிங்கு.