மூன்றாம் தரம்

லிங்கன்ஷயரில் பிப்ரவரி.
ஹெக்டேருக்கு ஒரு துளை, மொத்தம் அறுபத்திரண்டு.
இமொஜென் துளைக்கோலைத் திருகி இறக்குகிறாள்.
ஒன்றேகால் மீட்டர் போனால் போதும்,
அதற்குக் கீழே எந்தச் சட்டமும் கோதுமையைப் பற்றி விசாரிப்பதில்லை.

மேலே வந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து
எச்சில் தொட்டு
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்க்கிறாள்.
நறநறத்தால் மணல்.
பட்டாய் வழுக்கினால் வண்டல்.
விடமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டால் களி.
மோதிரமாய் வளைத்துப் பார்க்கிறாள். உடையவில்லை.

மண்ணுக்கு அங்கே ஐந்து தரம்.
சண்டையெல்லாம் மூன்றாவதில்தான்.
நம் எழுத்தில் சொன்னால்,
மூன்று-அ: நல்ல நிலம், உழவுக்கென்று காப்பது.
மூன்று-ஆ: சுமார், சூரியத் தகடு ஊன்றலாம்.
இரண்டுக்கும் நடுவே ஒரு மாத்திரை,
கண் இமைக்கிற நேரம்.
அதற்குள் அடங்கிக் கிடக்கின்றன
நாற்பது வருடக் குத்தகையும்
பதினோராயிரம் வீட்டு விளக்கும்.

கம்பெனிக்கு இந்த மண்மேல் காதல் ஒன்றும் இல்லை.
ஆற்றங்கரை அனல் நிலையத்தை மூடி
குளிர்கோபுரங்களை வெடிவைத்துச் சாய்த்தாயிற்று.
மின்கோபுரங்கள் மட்டும் சுமக்க ஏதுமின்றி
வயலுக்கு வயல் கால்பரப்பி நிற்கின்றன.
கம்பி இருக்கிற இடத்துக்குத்தான் வெயில் வந்தாகவேண்டும்.

வேலியோரம் வெரோனிகா ஸ்கெல்டன் நட்ட அட்டை:
தட்டில் ரொட்டி வேண்டும், தகடு வேண்டாம்.
அதே உருண்டைக் கையெழுத்தில் போன வாரம்
மின்கட்டணத்தைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு
ஒரு கடிதமும் போட்டாள்.
இமொஜெனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

முப்பத்தொன்றாவது துளை.
அறுபது சென்டிமீட்டர் வரை நல்ல பழுப்பு,
மூச்சு முட்டிய மண்ணின் சாம்பல் திட்டு ஒன்றுகூட இல்லை.
ஆனால் கோலை உருவிய நிமிடத்தில்
துளை விளிம்புவரை நீர்.
நிறம் ஒன்று சொன்னது, நீர் வேறொன்று.
ஆ என்று எழுதப் போனவள்
பேனாவை மூடிவிட்டு வடிகால் பக்கம் நடந்தாள்.

காய்ந்த முட்புதருக்குப் பின்னால்
சுட்ட களிமண் குழாயின் வாய்.
அதில் நீல உரச்சாக்கு.
வெள்ளம் கொண்டுவந்து செருகியிருக்கலாம்தான்.
ஆனால் வெள்ளத்துக்கு
முடிச்சுப் போடத் தெரியாது.

இழுத்தாள்.
இருமி இருமி வந்தது தண்ணீர்,
முதலில் கறுப்பாய், பிறகு பழுப்பாய்,
பிறகு நிற்காமல்.

டெஸ்மண்ட் தர்ல்பி எப்போது வந்தாரோ,
கைகள் கோட்டுப்பைக்குள்.
சாக்கைப் பார்க்கவில்லை.
"வயல் சரியாக எத்தனை நாளாகும்?"
"இரண்டு குளிர்காலம்."
"என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது."
நோயா கடனா என்று அவள் கேட்கவில்லை.
மூன்று விதைப்பு மூன்றும் அழுகிய நிலம்.
சாக்கில் அச்சிட்டிருந்த தேதி போன ஆண்டினுடையது.
முதல் இரண்டை அழுகவைத்தது வெறும் மழை.

வேனில் ஹீட்டர் சூடாகவில்லை.
மடியில் படிவம்.
அடைப்பைக் கணக்கில் எடுக்காதே என்கிறது விதி,
அடைப்பை எடுத்தால் எதுவோ அதுவே மண்.
எழுதினாள், அ.
விரலில் இருந்த ஈரக்களி
எழுத்தின் காலடியில் ஒட்டிக்கொண்டது.
நம் எழுத்தாக இருந்திருந்தால்
சரியாகச் சுழி விழுகிற இடம்.
சட்டைக் கையால் துடைத்தாள். பரவியது.

புதிய தாளை எடுத்து
முதல் துளையிலிருந்து பார்த்து எழுதத் தொடங்கினாள்.
கண்ணாடிக்கு வெளியே டெஸ்மண்ட்
அந்தச் சாக்கை உதறி, நீளவாக்கில் மடித்து,
இன்னொரு முறை மடித்து
கக்கத்தில் வைத்துக்கொண்டார்.
இன்னும் முப்பத்தொரு துளை.
ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.