டோக்கன் பதினேழு

கல்முனை நீதவான் நீதிமன்றத்துக்கு எதிரே
என்ட போட்டோகொப்பிக் கடை.
கேற்றில் மூன்று மொழியில் எழுதிக் கிடக்கு:
கைத்தொலைபேசி உள்ளே கொண்டுவரப்படாது.
எழுதாத நாலாவது மொழியில்
"உதுமாங்கண்டுட கடையில குடுத்திட்டு வா"
என்பான் கேற் பொலிஸ்.

முப்பது ரூபா. ஒரு பிஸ்கட் தகரம்.
கலியாணக் காட்டை வெட்டிச் செய்த டோக்கன்.
ஒன்பதாம் நம்பரில் இன்னும்
மாப்பிள்ளையின் பாதிப் பெயர் இருக்கு;
தாபரிப்புக் கேட்டு வருகிறவளுக்கு
அதைக் கொடுக்க மாட்டேன்.

சட்டத்தரணிமாருக்கு அந்த விதி இல்லை,
சத்தத்தை மட்டும் கொன்றுவிட்டுப் போவார்கள்.
போன வருசம் மன்றுக்குள் ஒரு போன்
குத்துப்பாட்டுப் போட்டது.
ஐயா எழுதுவதை நிறுத்தினார்.
கூண்டில் நின்றவன் பழக்கதோசத்தில்
தன்ட வெறும் பையைத் தடவினானாம்.
அடித்தது இன்ஸ்பெக்டருடையது.

இன்று காலை நற்பிட்டிமுனைப் புஸ்பகாந்தி
போனைத் தந்தாள், விரலை எடுக்கவில்லை.
"அவர் ஏசினது முழுக்க இதுக்குள்ளதான்,
நாப்பத்தொரு ரெக்கோடிங்."
முன்கூட்டி அறிவித்தல் கொடுக்கவில்லையாம்,
இண்டைக்கு எடுக்க மாட்டாங்களாம்.
அந்தச் சொல்லையெல்லாம் அவளே
வாயால் சொல்லவேணும்,
தட்டச்சுக்காரிக்கு விளங்கும்படி
இரண்டாந்தரமும்.

பின்னேரம் எல்லாரும் வாங்கிப் போனார்கள்.
பதினேழு வரவில்லை.
சாய்ந்தமருதுப் பொடியன், பட்டன் போன்,
மீன் செதில் ஒன்று ஒட்டியபடி.
சிறைச்சாலை பஸ் மூன்று மணிக்கே போய்விட்டது.

என்ட தகரத்துக்கும் சட்டம் உண்டு:
அடித்தால் எடுக்கிறதில்லை, பார்க்கிறதுமில்லை.
நாலரைக்குத் தகரம் துள்ளியது.
அலாரம். "உம்மாக்கு ஊசி."
நிறுத்தினேன், பார்த்தாயிற்று.
பிறகு "வீடு" அடித்தது.
பதினொரு தரம் விட்டேன்.
பன்னிரண்டாவதை விட முடியவில்லை.

"மகன்?"
இல்லை உம்மா, நான் கடைக்காரன்.
பதினாலு நாள் விளக்கமறியல்,
அடுத்த தவணை இருபத்திமூண்டாந் தேதி.
ஒரு கட்டளையை நான் வாசித்தது
அதுதான் முதல்.
எழும்பி நின்றுதான் வாசித்தேன், ஏனோ.

அந்தப் பக்கம் விசிறிச் சத்தம்.
"சரி வாப்பா, விளங்கிட்டு.
இப்ப போனை அவனுக்கிட்டக் குடுங்க."

என்ன சொல்ல என்று வாய் திறக்கமுன்
பற்றரி செத்துப்போச்சு.
ஊசிமுனைச் சார்ஜர் வேணும் இதுக்கு.
சந்தியில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன்,
இந்தக் காலத்தில் அது ஆரிடம் இருக்கு.