கண்ணடி

ஆயுத பூஜைக்கு ஜாய்ஸ்டிக்குக்கும் பொட்டு வைத்தேன்.
எஸ்.பி. ரோட்டில் பழையதாய் வாங்கியது,
கையை விட்டால் இடப்பக்கம் சாயும்.
பரவாயில்லை, ஓட்டுவது நானில்லை.
ஓட்டுவது எபனேசர், கோலாரிலிருந்து.
ஹெட்போனில் அவன் குரல்,
குரலுக்குப் பின்னால் அவன் வீட்டு மிக்ஸி.
நான் பின்னிருக்கை. பார்ப்பவள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு.
துணியும் மரமும் கம்பியுமாய் ஒரு விமானம்.
மணிக்கு நூறு கிலோமீட்டர்,
முருகேஷ்பாளையா சிக்னலில் தினமும் நிற்பவளுக்கு
அதுவே பெரிய வேகம்.
எங்களிடம் குண்டு கிடையாது.
ஒரு கேமரா, ஒரு வரைபடம்,
தந்தி அடிக்க ஒரு சாவி.
மற்றவர்கள் சண்டை விமானம் கேட்பார்கள்,
வாலைப் பிடித்துத் துரத்துவார்கள்,
இரண்டு நிமிடத்தில் செத்து
மறுபடி வருவார்கள்.
நாங்கள் நாற்பது நிமிடம்
நேராகப் பறப்போம்.

நேராகப் பறப்பதுதான் கஷ்டம்.
வளைந்தால் படம் கலங்கும்.
கீழே இருப்பவர்களுக்கும் அது தெரியும்.
கறுத்த இலவம்பஞ்சாய் வெடித்து வெடித்து
ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் கிட்டே.
"அக்கா, பிடிச்சிட்டிருக்கேன், சீக்கிரம்" என்பான்.
நான் எண்ணுவேன், பதினொன்று, பன்னிரண்டு.
அவசரப்படுவதில்லை.
பகலிலும் எனக்கு இதே வேலைதான்:
சந்திப்புக் கேமராக்கள் அனுப்பும் படங்களில்
ஹெல்மெட் இல்லாத தலைகளைத் தேடி
சரி என்று ஒரு தட்டு.
எங்கோ ஒரு போனில் ஐந்நூறு ரூபாய் விழும்.
யார் முகமும் ஞாபகமில்லை.

மூன்றாவது முறை போனபோதுதான் பார்த்தேன்.
பீரங்கி மேட்டுக்குப் பின்னால் ஓடு போன வீடு,
வீட்டருகே இரண்டு கம்பம், நடுவே ஒரு கொடி.
போரில் கொடி என்றால் வேறு.
இது துணி காயும் கொடி.
நாலு துணி. ஒன்று சின்னது.
ஆட்டத்தில் அங்கே ஆளே கிடையாது.
யாரோ ஒருவன், எந்த ஊரிலோ,
வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில்
ஏதோ தோன்றி வரைந்திருக்கிறான்.
காற்றில் ஆடவும் வைத்திருக்கிறான்.

முதல் குண்டு ஆற்றில் விழுந்தது.
நூறு கஜம் கூட்டு என்று தட்டினேன்.
இரண்டாவது மேட்டுக்கு இந்தப் பக்கம்.
ஐம்பது கூட்டு, கொஞ்சம் வலம்.
எபனேசர் எதையோ மென்றுகொண்டிருந்தான்.
கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள்.
மூன்றாவது சரியாக விழுந்தது.
புகை நகர்ந்தபோது மேடு இல்லை, வீடு இல்லை,
கம்பம் ஒன்று மட்டும்
எதையும் தாங்காமல் நின்றது.
திரையில் பதக்கம்.
"அக்கா, உன் கண்ணு கண்ணுதான்" என்றான்.

தூக்கம் வரவில்லை என்று சொல்லி
அதையே மறுபடி போட்டேன்.
கொடி திரும்பி வந்திருந்தது.
அதே நாலு துணி, அதே காற்று.
எத்தனை முறை எரித்தாலும்
காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்க
ஒருவரும் வெளியே வராத துணி.
இந்த முறை என்ன தட்டினேன் என்று
சொல்லப்போவதில்லை.
எபனேசரிடமும் சொல்லவில்லை.

காலையில் தெருவெங்கும் பூசணிக்காய்.
முக்குக்கு முக்கு உடைத்து, குங்குமம் கரைந்து,
ஸ்கூட்டர்கள் வழுக்காமல் நெளிந்து போயின.
எல்லாம் யாரோ பார்த்துவிடுவார்கள் என்று உடைத்தவை.
ஹெச்.ஏ.எல். பக்கமிருந்து சோதனை ஹெலிகாப்டர் ஒன்று
எங்கள் மாடிகளுக்கு மேலே வந்து
அசையாமல் நின்றது.
அவர்கள் வேலை அவர்களுக்கு.

நான் ஏறிப்போய்
கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டேன்.
இன்னும் ஈரம்தான்.