நாலு புள்ளி ஒண்ணு

ஒண்ணாம் வகுப்பில்
ங எழுத்துக்கு மட்டும் வாத்தியார்
அதில் தொடங்கும் சொல் ஒன்றும் தரவில்லை.
மணலில் எழுதச் சொன்னார், அழிக்கச் சொன்னார்,
ச-வுக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கம் அது
சொல்லின் வாலில் குடியிருக்கிறது.
வாங், போங், சாப்பிட்டீங்ளா.
ஊத்துக்குளிச் சந்தையில்
அடிதடிக்கு நிற்கும்போதும் விடமாட்டோம்:
"மண்டையை ஒடைச்சுப்போடுவனுங்க."
வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.
எங்களுக்கும் அதில் பெருமைதான்.
பால்குடிக் குழந்தைக்குத் தருகிறோம்,
படுத்துக்கொண்ட எருமைக்கும் தருகிறோம்,
எந்திரிங் கண்ணு.

நஞ்சானுக்குத் தந்ததில்லை.

அறுபத்து மூன்று வயது.
இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பையன்
"நஞ்சா, வண்டியத் தள்ளி நிறுத்து" என்பான்.
நான் அதைக் கேட்டுக்கொண்டே
பல் துலக்கியிருக்கிறேன்.

ஒற்றை மாடு. காலையில் நாலு லிட்டர்.
பால் சங்கத்தில் அவர் கேன்
கிளுவை வேலியோரம் நிற்கும்,
நாங்கள் எல்லாரும் ஊற்றி முடிக்கும்வரை.
சித்திரைப் புழுக்கத்தில்
இரண்டு முறை திரிந்துபோனது.
"போச்சாது போ, நாளைக்கு நேரமா வா"
என்றார் செயலாளர்,
ஐந்தரைக்கே வந்து நின்றவரிடம்.

('அவர்' என்று இப்போது எழுதுகிறேன்.
அன்றைக்கு என் வாயில் இருந்தது வேறு.)

ஆடியில் டெஸ்டர் வேலைக்குப் புதிதாக வந்தார்
பெருந்துறைப் பக்கத்துப் பெண், தவமணி.
வரிசையை ஒரு பார்வை பார்த்தார்.
"யாருங்க மொதல்ல வந்தது?"
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
"அந்த வேலியோரத்துக் கேன் யாருதுங்க?
எறும்பே ஏறிப்போச்சு."
"அது நஞ்சானுது."
"நஞ்சண்ணா, வாங்க. ஊத்துங்க."

கரண்ட் போன மாதிரி இருந்தது,
மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அவனுக்கு என்னத்துக்கம்மணி ங்க?"
பின்னாலிருந்து என் பெரியப்பா மகன்.
"வாய்ல பழகிப்போச்சுங்க"
என்றார் தவமணி, திரும்பாமல்.
அவனுக்கும் ஒன்று.

நஞ்சான் கும்பிடுவார்,
கண் கலங்குவார் என்று நான்
காத்திருந்ததை மறைக்கவில்லை.
அவர் கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் வடித்தார்.
துண்டில் கை துடைத்தார்.
சட்டைப்பையிலிருந்து ஒரு கட்டுச் சீட்டு எடுத்தார்,
தேதிவாரியாக, ரப்பர் பேண்டு போட்டது.
"தை மாசத்துலிருந்து
மூணு புள்ளி ரெண்டுன்னே எழுதியிருக்குது.
எம்மாட்டுப் பாலு அப்பிடியில்லீங்க.
இன்னைக்கு மெஷின்ல என்ன காட்டுதுன்னு
சத்தமாச் சொல்லுங்க."

நாலு புள்ளி ஒண்ணு.

மரியாதையை அவர் வாங்கியது
பஸ்ஸில் சில்லறை வாங்குகிற மாதிரி:
உள்ளங்கையில் எண்ணிப் பார்த்து,
மீதியைக் கேட்டு.

மீதி ஐப்பசியில் வந்தது, பாதிக்குக் கொஞ்சம் மேலே.
பாக்கிக்கு மனு ஈரோட்டில் கிடக்கிறது.
தவமணிக்கு எங்கள் தெருவில்
பொங்கல் வரைக்கும் யாரும் தண்ணீர்கூடத் தரவில்லை;
பாட்டிலில் கொண்டுவந்தார்,
வழியில் மதியாத முகங்களுக்கும்
வணக்கமுங்க சொல்லிக்கொண்டே.

ஒரு பனிக்காலை நஞ்சானிடம்
ஏதாவது பேசவேண்டும் போலிருந்தது.
கேனை இறக்கி வைத்துவிட்டு
"மாடு நல்லாருக்குதா..." வரைக்கும் வந்துவிட்டேன்.
அதற்கு மேல்
நாக்கின் அடி அண்ணத்தில் ஒட்டி நின்றது.
ங் பிறப்பதும் அந்த இடத்தில்தான்,
நாற்பது வருசமாக ஊரெல்லாம் இறைத்த எழுத்து,
தலையில் ஒரு புள்ளி,
அதைத் தூக்க அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை.

அவர் கொஞ்சநேரம் பார்த்தார்.
"நல்லாருக்குதுங்க.
உங்க கேனைச் சித்தெ பின்னால வைங்க.
நாந்தான் மொதல்ல வந்தனுங்க."