கடல் மட்டம்

பகலெல்லாம் மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு
நிறுத்தங்களைக் கூவுகிறவள் நான்.
செஹா, செஹா, சென்காத்தா, புவெந்தே வேலா,
உள்ளே தள்ளி உட்காருங்கம்மா, இடமிருக்கு.
இரவு ஏழு மணிக்கு எல் ஆல்டோ மாலைப்பள்ளியின்
கடைசி பெஞ்சில் போய் விழும்போது
தொண்டையில் ஒன்றும் மிச்சமிருக்காது.
அந்த நேரம் பார்த்துத்தான் ஆங்கிலம்.
நான் போகிறேன், நீ போகிறாய், அவள் போகிறாள்.
என் வாயிலிருந்து வெறும் காற்று போகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டு.
இந்த அட்டையிலிருந்து வேதியியல்
அந்த அட்டையிலிருந்து தலைகீழாக ஸ்பானிஷ் இலக்கணம்.
இரண்டும் வளர்ந்து வந்து முட்டிக்கொண்ட பக்கத்தில்
சோடியத்துக்குப் பக்கத்தில் ஒரு வினைச்சொல்,
நடுவில் டிரைவர் எனக்குத் தரவேண்டிய
பதினேழு பொலிவியானோ.

புதன்கிழமை அய்மாரா.
பிறந்ததிலிருந்து பேசுகிறேன்,
போன பரீட்சையில் அறுபத்திரண்டு.
அந்த மொழியில் நேற்று என்பது கண்ணுக்கு முன்னால்,
பார்த்தாயிற்றே, அதனால்.
நாளை முதுகுக்குப் பின்னால்,
யார் பார்த்தது?
அடுத்த மணி இயற்பியல்.
யெசெனியா டீச்சர் கரும்பலகையில் கோடு இழுத்து
வலது நுனியில் அம்பு போட்டார்: காலம் இப்படிப் போகிறது.
கொத்தனார் ஃபௌஸ்தோ எழுந்தார்.
"அப்ப நான் எந்தப் பக்கம் திரும்பி நிக்கணும், டீச்சர்?"
சிரித்தோம். ஆனாலும் இரண்டு பேர்
நிஜமாகவே திரும்பிப் பார்த்தார்கள்.

தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்றது புத்தகம்.
ஃபௌஸ்தோ எங்கிருந்தோ ஒரு தெர்மாமீட்டர் கொண்டுவந்தார்.
பள்ளிக்கூட வாசலில் ஆப்பிள் தேநீர் விற்கும் எர்மிந்தாவின் கெண்டியில்
அதை விட்டுக் காத்திருந்தோம், ஆறு பேர், தொப்பியோடு.
தளபுளவென்று கொதித்தது.
எண்பத்தேழு.
இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்றேன்.
எண்பத்தேழுதான்.
"தண்ணி வத்துது, காசு யார் குடுக்கிறது?" என்றாள் எர்மிந்தா.

நாலாயிரம் மீட்டர் உயரத்தில் காற்று இளைத்துக் கிடக்கிறது,
தண்ணீர் சீக்கிரம் அவசரப்பட்டுவிடுகிறது என்று விளக்கினார் டீச்சர்.
எனக்கு உருளைக்கிழங்கு ஞாபகம் வந்தது.
வேகவில்லை வேகவில்லை என்று
பதினோரு வருஷம் அடுப்பைத் திட்டியிருக்கிறேன்.
வேகவில்லை என்று என்னைத் திட்டியவன்
போய்ச் சேர்ந்த ஊர் சாந்தா க்ரூஸ்.
அங்கே எல்லாம் சட்டென்று வெந்துவிடுமாம்.

பரீட்சைத் தாளில் கேள்வி ஒன்பது:
நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?
நூறு, தொண்ணூறு, எண்பது, பூஜ்யம்.
நான் ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்து
87 என்று எழுதி டிக் போட்டேன்.
வேதியியலில் ஐம்பது.
தேற வேண்டியது ஐம்பத்தொன்று.

மறுதேர்வு. அதே கேள்வி,
இந்த முறை கட்டங்கள் இல்லை, ஒரு கோடு மட்டும்.
நூறு என்று எழுதினால் முடிந்தது வேலை.
அடுத்த மணி புவியியல் என்பதால்
சுவரில் வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது.
போரில் போன எங்கள் கடற்கரை
அதில் இன்னும் எங்கள் நிறத்திலேயே இருக்கிறது.
மார்ச் மாதம் அதற்காக ஊர்வலம் போவோம்,
அலை எப்படி இருக்கும் என்று தெரியாத கால்களோடு.

நோட்டின் அந்த அட்டையிலிருந்து
படித்தது எழுந்து வந்தது:
நடக்காமல் போனதைச் சொல்லும் வினை.
எழுதினேன்:
எங்களுக்குக் கடல் இருந்திருந்தால்,
அதன் ஓரத்தில் நான் அடுப்பு வைத்திருந்தால்,
நூறு.

டீச்சர் என் தாளை வாங்கிப் படித்தார்.
சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்,
மூடினார், திறந்தார்.
இது எந்தப் பாடம் என்று அவருக்குக் குழப்பமா,
இல்லை குளிரில் பேனா எழுதவில்லையா, தெரியாது.

மதிப்பெண் வெள்ளிக்கிழமை வரும்.
காலை ஆறு மணி, முதல் நடை.
கதவில் தொங்குகிறேன், எப்போதும்போல
வந்த வழியைப் பார்த்துக்கொண்டு.
வெள்ளிக்கிழமை முதுகுக்குப் பின்னால் எங்கோ.
டிரைவருக்கு அது தெரிகிறதோ என்னவோ,
பிரேக் போடுகிறார்.
செஹா, செஹா.