போக்குக் காட்டுதல்

மார்க்கம் வீதியும் ஃபிஞ்சும் சந்திக்கும் மூலையில்
பூட்டிய நகைக்கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே
வியாழன் இரவுகளில் ஒரு கதவு திறந்திருக்கும்.
நுழைவு ஐந்து டாலர்.
ஸ்நோ சப்பாத்துகளை வாசலில் கழற்ற வேண்டும்.
உள்ளே எட்டுத் திரை, பதினாறு பேர்,
யாரோ கொண்டுவந்த கோழிப் பொரியலின் எண்ணெய் மணம்.
பலகையில் கவினயா
கேவின் ஆகியிருந்தாள். திருத்தவில்லை.

முதல் வருடம் நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.
விரல் பட்ட பட்டனெல்லாம் அடி.
தோற்றதும் அதனால்தான்.
பிறகு விளங்கியது:
ஒவ்வொரு காலுக்கும் எட்டும் தூரம் ஒன்று உண்டு,
அதற்கு மயிரிழை வெளியே நின்றால்
எதிராளி கண்ணுக்கு அது உள்ளே.
அரை அடி முன்னே. அரை அடி பின்னே.
சடுகுடுக்காரன் கோட்டைத் தொட்டும் தொடாமலும்
மூச்சைச் செலவழிப்பதுபோல.
அவன் கால் காற்றை உதைக்கும்,
அந்தக் கால் வீடு திரும்புமுன்
என் முறை.

ரெஜினால்டிடம் இது பலிக்காது.
பகலில் லாரன்ஸ் வீதிப் பஸ் ஓட்டுகிறவன்,
மஞ்சள் விளக்குக்கு அவசரப்பட மாட்டான்.
அவனுக்கு வேறு பொறி வைத்தேன்.
விழுந்து எழும்போதெல்லாம் மேல்குத்து.
ஒரு தடவை. இரண்டு. மூன்று.
மூன்றையும் தடுத்தான்,
மூன்றுக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.
பாதி உயிர் அதற்கே போயிற்று.
பரவாயில்லை, இரையில்லாமல் தூண்டில் எது?
குத்து வருமென்று அவன் இனித் தடுத்தே நிற்பான்,
தடுத்து நிற்பவனை
இடுப்பில் பிடித்துத் தூக்கி எறியலாம்.

நாலாவது தடவை விழுந்தேன்.
(வேண்டுமென்றே. அதை இங்கே சொல்லிவைக்கிறேன்.)
எழுந்தேன். குத்தவில்லை.
இரண்டு கையும் நீட்டிப் பிடித்தேன்,

காற்றை.

அரை அடி பின்னே நின்றான் ரெஜினால்ட்.
மயிரிழை வெளியே.
மூன்று தடவை அவன் தடுத்ததும்
எனக்கு ஒன்றைப் பழக்கத்தான் என்பது
என் ஆள் ஆகாயத்தில் மிதந்துகொண்டிருந்த
அந்த இரண்டு வினாடியில் தெரிந்தது.
அதற்குள் திரை சிவந்துவிட்டது.
பின்வரிசையில் ஒரு பொடியன் கதிரையைத் தட்டிச் சிரித்தான்.

வெளியே மைனஸ் பதினெட்டு.
பஸ் தரிப்பில் அவனும் வெறும் பயணியாக,
தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு.
"அடுத்த வியாழன் வரமாட்டேன், வேலை," என்றேன்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி
எங்கோ பார்த்து.

"வேலையா? யாரிடமாவது மாற்றிக் கேளேன்,
இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே!"
முழு உடம்பும் திரும்பிவிட்டது.
கையுறைகூட ஒன்று கீழே விழுந்தது.

வியாழனில் எனக்கு வேலையே கிடையாது.